தாத்தாவின் நாடக நோட்டு: இதைக் கூத்து என்பதா, கம்பெனி நாடகம் என்பதா?

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் ஊரிலுள்ள பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. மளிகைக் கடைகளில் பற்று வரவு எழுதுவார்களே, அந்த வகை நோட்டு. முதல் சில தாள்களைக் கரையான் அரித்துவிட்டது. எஞ்சியவை ஏறத்தாழ 140 பக்கங்கள்; மை மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. அது என் தாத்தாவின் கையெழுத்துதான் என்பதை, அவர் எழுதிவைத்த குத்தகைச் சீட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். தாத்தா கேழ்வரகும் நிலக்கடலையும் பயிரிட்ட விவசாயி. நாடகத்தால் ஒரு காசும் சம்பாதித்தவர் அல்லர். ஆனால் ஊரில் நாடகம் போட்ட காலத்தில் அவர்தான் நோட்டைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார் என்று என் பெரிய அத்தை சொல்வதுண்டு.

நோட்டில் இருப்பது அபிமன்யுவின் கதை. பாட்டும் வசனமும் மாறி மாறி வருகின்றன. சில பாட்டுகளுக்கு மேலே வேறொரு பாட்டின் முதலடியைக் குறித்து ‘என்ற மெட்டு’ என்று எழுதியிருக்கிறார். சிலவற்றுக்கு மேலே ‘தரு’ என்று மட்டும் இருக்கிறது. இது நாடகக் கம்பெனிகளுக்கு எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்தைப் பார்த்து எழுதியதா, அல்லது நம் பக்கத்துக் கூத்து ஏடா, எந்தக் காலத்தது என்பதை அறிய விரும்புகிறேன். விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

இண்டூர் ஆசிரியை எழுதியது:

தம்பி, முதலில் நோட்டை வெயிலில் காய வைக்காதீர்கள், தாள் நொறுங்கிவிடும். நிழலில் விரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூத்து ஏட்டையும் கம்பெனி நாடகப் பிரதியையும் பிரித்தறிவது கடினமன்று. கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்றே முதல் விருத்தத்தைப் பாடுவார். இரண்டு பேர் பிடித்திருக்கும் அந்தத் துணித் திரை விலகிய பிறகு, தாம் யார் என்பதைத் தாமே புகழ்ந்து சொல்லிக்கொண்டு அடவு போடுவார். அதனால் ஏட்டில் திரை விருத்தம், தரு என்னும் பாட்டு, கந்தார்த்தம், வசனம் என்ற வரிசை மாறாமல் வரும். கதையை நடத்திச் செல்பவன் கட்டியங்காரன். கம்பெனி நாடகத்திலோ இடம் மாறும்போது படுதா, அதாவது காட்சி வரைந்த திரை, மாறும். ஆகவே பிரதியில் தர்பார் சீன், காட்டுச் சீன், தெருச் சீன் என்ற குறிப்புகள் இருக்கும். கட்டியங்காரன் இருக்க வேண்டிய இடத்தில் பபூன் என்ற கோமாளி இருப்பான். பார்சி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டுகள் தமிழ் மேடையில் பரவிய பிறகு, எந்த மெட்டில் பாட வேண்டும் என்று குறிப்பது வழக்கமாகிவிட்டது.

உங்கள் நோட்டில் இரண்டும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இரண்டும் கலந்து கலந்து வருகின்றனவா, அல்லது ஓரிடம் வரை ஒன்று, அதன் பிறகு மற்றொன்று என்று இருக்கிறதா? இதைப் பார்த்துச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். இன்னொன்றையும் பாருங்கள். கதைத் தலைவனின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்?

கிருஷ்ணகிரி வழக்கறிஞர் எழுதியது:

இழையைத் தொடங்கிய நண்பருக்கு வாழ்த்துகள். பாதுகாக்க வேண்டிய பொருள்தான். ஆயினும் இத்தகைய நோட்டுகளைக் கண்டதும் ‘கிராமத்துப் பயில்முறை நாடகம்’ என்று பெயர் சூட்டிவிடும் பழக்கம் அண்மையில் பெருகிவருவதால், அச்சொல்லின் பொருளை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது என்று கருதுகிறேன்.

பயில்முறை நாடகம் என்பது நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் கலைக்காகவே நடத்திய முயற்சி. தமிழில் அதற்கு வித்திட்டது, பம்மல் சம்பந்த முதலியார் 1891 ஜூலை 1 அன்று சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை. பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் தம் குழுவினருடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியதையும், அதில் நடித்தவர்கள் கற்றவர்களாகவும் உத்தியோகஸ்தர்களாகவும் இருந்ததையும் கண்ட பிறகே, தமிழிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. நடிப்பவர்களைக் கூத்தாடிகள் என்று ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. அக்காலத்தில் வழக்கறிஞராக இருந்து, பின்னர் நீதிபதியாகவும் ஆன ஒருவர் அரிதாரம் பூசி மேடை ஏறினார் என்றால், அந்தச் செயலின் துணிவை நாம் இன்று முழுமையாக உணர முடியாது. அவருடன் வழக்கறிஞர் ரங்கவடிவேலு பெண் வேடம் பூண்டு நடித்தார். பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராக விளங்கிய சத்தியமூர்த்தியும் அந்தச் சபையின் மேடையில் நடித்தவரே.

விடிய விடியப் பாட்டாகவே ஓடிய நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியதும், குறித்த நேரத்தில் திரையைத் தூக்கியதும், வசனத்துக்கு முதலிடம் தந்ததும் அந்தச் சபை செய்த சீர்திருத்தங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும், மேக்பெத்தை மகபதி என்றும் பெயரிட்டுத் தமிழ்ப்படுத்தியவர் சம்பந்த முதலியார். ஊர்த் திருவிழாவில் ஓர் இரவு வேடம் கட்டியதை இவற்றோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது பொருந்தாது என்பது என் கருத்து.

ஹார்மோனியக்காரர் மகன் (காவேரிப்பட்டினம்) எழுதியது:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். சம்பந்த முதலியாரைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் ‘ஓர் இரவு வேடம் கட்டியது’ என்று எழுதினீர்களே, அந்த ஓர் இரவுக்குப் பின்னால் எத்தனை இரவுகள் இருந்தன என்பதை நான் சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் நாற்பது ஆண்டுகள் இந்தப் பக்கத்து ஊர்களில் கால் ஹார்மோனியம் வாசித்தவர். சிறுவனாக அவருடன் போய், பெட்டியின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கியிருக்கிறேன்.

ஓர் ஊரில் இளைஞர்கள் நாடகம் கற்றுக்கொள்ள முடிவு செய்தால், முதலில் ஒரு வாத்தியாரைப் பேசி அழைத்துவருவார்கள். அறுவடை முடிந்த தை மாதத்தில் அவர் வந்து இறங்குவார். மாரியம்மன் கோயில் திண்ணையோ, யாராவது ஒருவருடைய களத்துக் கொட்டாயோ ஒத்திகைக்கு இடம். அவருக்குச் சாப்பாடு வீட்டுக்கு வீடு முறை வைத்துப் போகும். இன்று இந்த வீட்டுக் களி என்றால் நாளை அடுத்த வீட்டுச் சோறு. பகலெல்லாம் ஏர் ஓட்டியும் கிணற்றில் கவலை இறைத்தும் வந்தவர்கள், இரவு எட்டு மணிக்கு மேல் லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்து பாடம் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். வாத்தியார் ஓர் அடி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்லி, முந்நூறு நானூறு பாட்டுகளை நெஞ்சில் ஏற்றிக்கொள்வார்கள். சித்திரையில் அரங்கேற்றம் என்றால் அதற்குள் மூன்று மாத இரவுகள் போயிருக்கும். அதற்கு ஒருவர்கூடச் சம்பளம் வாங்கியதில்லை. வாத்தியாருக்கும், மிருதங்கத்துக்கும், எங்கள் தகப்பனாருக்கும், உடை வாடகைக்கும், படுதாவுக்கும் ஊரார் தலைக்கட்டு வரி போட்டுக் கொடுப்பார்கள். நடிப்பவர்கள் தங்கள் கையிலிருந்தும் போடுவார்கள். பிழைப்பாகக் கொள்ளாமல் கலைக்காகவே நடத்துவதுதான் பயில்முறை நாடகம் என்று நீங்களே இலக்கணம் சொன்னீர்கள். அந்த இலக்கணத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பதைத் தயவுசெய்து விளக்குங்கள்.

இன்னொன்று, குரல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டுமானால் நாலு கட்டை, ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாட வேண்டும். செங்கோட்டை கிட்டப்பாவின் பெயர் இன்றும் நிலைத்திருப்பதற்கு அந்த உச்சக் குரலும் ஒரு காரணம். சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்று, 27 வயதிலேயே 1933-இல் மறைந்துபோனவர் அவர். அத்தகைய சுருதியில் பாடச் சிறுவர்கள்தாம் வாகாக இருந்தார்கள் என்பதால்தான் சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிகள் தோன்றின என்று என் தகப்பனார் சொல்வார். அது பாதிதான் உண்மை என்று பிறகு படித்து அறிந்தேன். மற்றொரு பாதி, பெரிய நடிகர்கள் மேடையில் எழுதிய பாட்டை விட்டுவிட்டுத் தங்களுக்குள் போட்டிப் பாட்டும் தர்க்கமும் தொடங்கிவிடுவார்கள்; கதை போகும் இடம் தெரியாது. அதைப் பொறுக்காமல்தான் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டு 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் பெயர்பெற்ற டி. கே. எஸ். சகோதரர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான டி. கே. ஷண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

ஆனால் பாலர் சபைச் சிறுவனுக்கு ஓர் அச்சம் உறங்கும்போதும் உடன் இருக்கும். பதினான்கு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்று வரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ இருந்தவன் நாளை சேவகன் வேடத்தில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். குரல் திரும்பி நல்லபடியாக அமைந்தவர்கள் சிலர். அமையாதவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னபடி பார்த்தேன், வியப்பாக இருக்கிறது. 86-ஆம் பக்கம் வரை ‘அபிமன்யு’ என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகு கடைசி வரை ‘அபிமன்னன்’ என்றே இருக்கிறது. முன்பாதியில் ‘தர்பார் சீன்’, ‘பூந்தோட்டம் சீன்’ என்ற குறிப்புகளும் பபூனும் வருகின்றன. பின்பாதியில் ஒரு சீன் குறிப்புகூட இல்லை, பபூனுக்குப் பதில் கட்டியங்காரன் வந்துவிடுகிறான். கதையும் அப்படித்தான். முன்பாதி, அபிமன்யு கடோத்கசன் துணையோடு சுந்தரியை மணக்கும் கதை. பின்பாதி, பதின்மூன்றாம் நாள் போரில் சக்கர வியூகத்துக்குள் புகுந்து அபிமன்னன் மடியும் கதை. கையெழுத்து முழுவதும் ஒருவருடையதுதான்.

கடைசித் தாளின் பின்பக்கத்தில் வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. தொகைகள் அழிந்துவிட்டன, இனங்கள் தெரிகின்றன. வாத்தியார் வேட்டி துண்டு, முத்துவெள்ளை, செந்தூரம், டோப்பா மயிர், மண்ணெண்ணெய், வெற்றிலை பாக்கு, ‘மொரப்பூரிலிருந்து படுதாப் பெட்டி ரயில் சத்தம்’ (ரயில் கட்டணம்), தருமபுரியிலிருந்து கட்டை வண்டிக் கூலி.

இண்டூர் ஆசிரியை எழுதியது:

தம்பி, அந்த ரயில் சத்தத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். உங்கள் நோட்டின் வயதை அதுதான் சொல்கிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய பாதையில் சின்ன ரயில் 1906-இல் ஓடத் தொடங்கியது. பிறகு அதை ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது 1941-இல் அது நிறுத்தப்பட்டது. அதன் பின் நீண்ட காலம் தருமபுரிக்கு ரயிலே இல்லை. எனவே அந்தக் கணக்கு 1941-க்கு முந்தியது.

இதில் வேறு ஒரு செய்தியும் அடங்கியிருக்கிறது. நாடகக் கம்பெனிகள் பரவியது ரயில் பாதைகளின் வழியாகத்தான். படுதாக்களும், மடக்கு மேடைப் பலகைகளும், உடைப் பெட்டிகளும், ஐம்பது அறுபது ஆட்களுமாக ஊர் ஊராகப் போக வேண்டுமானால் மாட்டு வண்டி போதாது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நாடகம் நடத்திய நாட்களில், பார்க்க வருவோருக்காகத் தனி ரயிலே விட்டார்கள் என்று சொல்வார்கள். அப்போது சேலம் மாவட்டத்தின் உள்ளே ஒதுங்கிக் கிடந்த நம் பகுதியின் ஓர் ஊருக்கு, மொரப்பூர் வழியாக ஒரு படுதாப் பெட்டி வந்திருக்கிறது. அந்தப் பெட்டியில் வந்தது பூந்தோட்டம் வரைந்த துணி. அந்தத் துணிக்கு ஏற்ற கதை உங்கள் நோட்டின் முன்பாதி.

பின்பாதிக்கு ரயில் தேவைப்படவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும் ஊர்களில், பகலில் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அபிமன்னன் சண்டையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி நின்று அழுத மக்கள் அவர்கள். ‘அபிமன்னன்’ என்ற பெயரே கூத்தின் பெயர்.

பாப்பாரப்பட்டி வாசகர் எழுதியது:

பேச்சு நம் மாவட்டத்தின் பக்கம் வந்துவிட்டதால் சுப்பிரமணிய சிவாவை நினைவூட்ட விரும்புகிறேன். 1908-இல் வ. உ. சி.யோடு சிறை சென்று, சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளாகி வெளியே வந்தவர். ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்தபோது கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றவர். எங்கள் பாப்பாரப்பட்டியில் பாரதாசிரமம் அமைத்தார். அவர் கட்ட விரும்பிய பாரத மாதா கோயிலுக்கு 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று எங்கள் ஊரிலேயே சிவா மறைந்தார். அவர் பேச்சாளராகவும் பத்திரிகையாளராகவும் மட்டுமே நினைக்கப்படுகிறார். நாடகங்களும் எழுதியவர் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

அந்தக் காலத்தில் மேடையில் என்ன பேசலாம் என்பதற்கு 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் ஒரு கயிறு கட்டியிருந்தது. அரசுக்கு விரோதமானது என்று கருதினால் நாடகத்தைத் தடை செய்யலாம். அதனால் புராண நாடகத்துக்குள்ளேயே தேசப் பாட்டை ஒளித்துக் கொண்டுபோனார்கள். வள்ளி திருமணத்தில் முருகனாக வந்து தேச பக்திப் பாடல்களைப் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்ற விசுவநாத தாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையில் முருகன் வேடத்தில் இருந்தபடியே உயிர்விட்டார். தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் ‘கதரின் வெற்றி’ என்று தலைப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லி நாடகம் எழுதினார். உங்கள் நோட்டின் முன்பாதியில் பபூன் பாட்டுகளை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தேசப் பாட்டு இருந்தால் அங்கேதான் இருக்கும். ஏனென்றால் பபூன் எந்தக் கதையிலும் எதையும் பாடலாம்.

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

ஐயா, இருக்கிறது. 31-ஆம் பக்கத்தில், துரியோதனன் சபைக்குப் போகும் வழியில், பபூன் ராட்டையைப் பற்றி எட்டு அடிப் பாட்டு ஒன்று பாடுகிறான். கதைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லாததால், தாத்தா தவறுதலாக வேறு பாட்டை எழுதிவிட்டார் என்று நினைத்திருந்தேன். பாட்டின் ஓரத்தில் ‘ஆள் பார்த்துப் பாடவும்’ என்று குறித்திருக்கிறார். போலீஸ் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாடும்படி சொல்கிறார் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர் எழுதியது:

ஹார்மோனியக்காரர் மகன் கேட்ட கேள்விக்கு இரண்டு நாட்களாக விடை தேடினேன். பயில்முறை என்பதற்கு நான் சொன்ன இலக்கணம் அவர் விவரித்த ஊர்க்காரர்களுக்கும் முழுமையாகப் பொருந்துகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ‘ஆள் பார்த்துப் பாடவும்’ என்ற குறிப்பைப் படித்தபோது, அந்த மனிதர்களை விளையாட்டாக வேடம் கட்டியவர்கள் என்று நான் எண்ணியிருந்ததற்காக வருந்தினேன்.

எனினும் ஒரு வேறுபாட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சபைகள் புதிய நாடகத்தை எழுதின. சம்பந்த முதலியார் எழுதிய மனோகரா நாடகத்தின் கதை எந்தப் புராணத்திலும் இல்லை. சபாபதி என்ற அசட்டு ஜமீன்தாரை வைத்துச் சமகால வாழ்க்கையைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்ததும் சபை மேடையே. அது தொழில்முறைக் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சம்பந்த முதலியாரின் அனுமதியுடன் பாலர் சபைகள் மனோகராவை நடத்தின. திருச்சியில் ரயில்வே அதிகாரியான எஃப். ஜி. நடேச ஐயர் 1914-இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபையில், அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக ஒரு சிறுவனைப் பாட வைத்தார். அவர்தான் பின்னாளில் எம். கே. தியாகராஜ பாகவதர். ஊர் நாடகம் ஏற்கெனவே இருப்பதைப் பாடிக் காப்பாற்றியது. சபை நாடகம் இல்லாததைப் படைத்தது. இரண்டும் பயில்முறையே, ஆனால் இரண்டின் வேலையும் ஒன்றன்று.

ஹார்மோனியக்காரர் மகன் (காவேரிப்பட்டினம்) எழுதியது:

ஐயா, பெரிய மனத்தோடு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் ‘இருப்பதைப் பாடிக் காப்பாற்றியது’ என்ற இடத்தில் மறுபடியும் உங்களோடு வாதாட வேண்டியிருக்கிறது. திருமணத்தில் மங்களம் பாடி முடிய வேண்டிய ஒரு கம்பெனி நாடகத்தையும், மரணத்தில் முடியும் ஒரு கூத்தையும் யாரோ ஒருவர் ஒரே நோட்டில் தைத்திருக்கிறார். பூந்தோட்டத்தில் காதல் பேசிய அதே பையன் விடிவதற்குள் வியூகத்தில் சாக வேண்டும். முன்னிரவில் மணக்கோலத்தில் வந்த சுந்தரி விடியலில் தாலி இழக்க வேண்டும். எந்தக் கம்பெனியும் இப்படி நடத்தியதாக என் தகப்பனார் சொல்லிக் கேட்டதில்லை. கூத்திலும் திருமணக் கதையை ஓர் இரவும் சண்டையை வேறோர் இரவும் ஆடுவார்களே தவிர, ஓரிரவில் இரண்டையும் இப்படி அடைப்பதை நான் பார்த்ததில்லை. இது படைப்பு இல்லையா? 86-ஆம் பக்கத்துக்கும் 87-ஆம் பக்கத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது, நண்பரே? அந்த இணைப்பில்தான் அந்த வாத்தியாரின் கை தெரியும்.

தேன்கனிக்கோட்டை நண்பர் எழுதியது:

சிறு குறிப்பு ஒன்று. எங்கள் பக்கத்தில் ஒரே ஊரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவோர் இருப்பதால், கன்னட மேடையின் மெட்டுகளும் எளிதாக உள்ளே வந்துவிடும். குப்பி வீரண்ணாவின் கம்பெனி மைசூர்ப் பக்கத்தில் பெரும் புகழோடு இருந்த காலம் அது. பாலக்கோட்டு நண்பரின் மெட்டுக் குறிப்புகளில் பொருள் விளங்காத முதலடிகள் இருந்தால் இங்கே எழுதுங்கள். கன்னடமா என்று என் தாயாரிடம் கேட்டுச் சொல்கிறேன். கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் அங்கிருந்து பாட்டுகளைக் கொண்டுவந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இண்டூர் ஆசிரியை எழுதியது:

பெண்கள் எங்கே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். பாலாமணி அம்மாளின் கம்பெனியில் ஆண் வேடங்களையும் பெண்களே போட்டார்கள். கொடுமுடியிலிருந்து வந்த கே. பி. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாடி, சரிக்குச் சரியாக மேடையை ஆண்டார். சென்னைச் சபையிலும் சரி, நம் ஊர்க் களத்திலும் சரி, அந்நாளில் சேலை கட்டியவர்கள் ஆண்களே. வக்கீல் ஐயாவின் சீர்திருத்த சபையும் எங்கள் ஊர்க்காரர்களும் இந்த ஒன்றில் மட்டும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போயிருக்கிறார்கள். என் பாட்டி பதினெட்டு நாள் பாரதத்தையும் மனப்பாடமாகச் சொல்வார். அர்ச்சுனன் தபசில் மரம் ஏறும்போது பாடும் பாட்டை அரிசி புடைத்துக்கொண்டே முழுதாகப் பாடுவார். அவருக்கு ஒரு வேடம் கொடுத்திருந்தால் எப்படிப் பாடியிருப்பார் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். சுந்தரி வேடத்தைப் போட்டவர் யார் என்று நோட்டில் இருக்கிறதா, தம்பி?

பாலக்கோட்டுக்காரன் எழுதியது:

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். ஹார்மோனியக்காரர் மகன் அண்ணன் சென்ற ஞாயிறு எங்கள் வீட்டுக்கே வந்திருந்தார். வரும்போது தமக்குத் தெரிந்த ஒரு கூத்து வாத்தியாரையும் அழைத்துவந்தார். வாத்தியாருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கண் சரியாகத் தெரியாததால் நான் படிக்கப் படிக்க அவர் கேட்டார்.

86-ஆம் பக்கத்தின் அடியில் தொடங்கி 89 வரை சுந்தரியிடம் அபிமன்யு விடைபெறும் பகுதி இருக்கிறது. முதல் இரண்டு பாட்டுகளுக்கு மெட்டுக் குறிப்பு உண்டு, மூன்றாவதிலிருந்து விருத்தம். நான் முதல் விருத்தத்தைப் படித்து முடிப்பதற்குள் வாத்தியார் கையை உயர்த்தி நிறுத்தி, தாமே பாடத் தொடங்கினார். இரண்டு அடி ஒத்துப்போயிற்று. மூன்றாவது அடியில் அவர் பாடியது வேறு, நோட்டில் இருந்தது வேறு. அவர் நிறுத்திவிட்டு, “இது ஏட்டில் இல்லாதது, இந்த ஊர் வாத்தியார் கட்டியது,” என்றார். கூத்தில் அந்த இடத்தில் அபிமன்னன் தன் வீரத்தைச் சொல்லி விடைபெறுவானாம். இங்கே சுந்தரி, பூந்தோட்டத்தில் முதல்முறை பார்த்தபோது அவன் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் கேள்வி கேட்கிறாள். முன்பாதியின் காதல் பாட்டுகளிலிருந்தே அந்தச் சொற்களை எடுத்திருக்கிறார்கள்; நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதற்கு அபிமன்யுவிடம் பதில் இல்லை. அதன் பிறகு அவன் பேசும் முதல் வசனத்துக்கு மேலேதான் ‘அபிமன்னன்’ என்ற பெயர் முதன்முதலாக வருகிறது.

ஆசிரியை அம்மா கேட்டதற்கும் விடை கிடைத்தது. சுந்தரியின் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வேறு மையில், பிற்பாடு எழுதிய ஒரு குறிப்பு இருக்கிறது. இத்தனை நாளும் அதை நான் ஏதோ கணக்கு என்று கருதியிருந்தேன். ‘1 க. கு.’ என்று சுருக்கமாக, பதினேழு பாட்டுகளிலும் இருக்கிறது. ஹார்மோனியக்கார அண்ணன் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: ஒரு கட்டை குறைக்க. கடைசி இரண்டு பாட்டுகளில் அதையும் அடித்துவிட்டு ‘2 க. கு.’ என்று திருத்தியிருக்கிறது.

சுந்தரி வேடம் போட்டவர் என் தாத்தாவின் கடைசித் தம்பி என்று பெரிய அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் அரங்கேற்றத்தின்போது அவருக்குப் பன்னிரண்டு வயதாம். தொடர்ந்து ஆறு சித்திரைகள் அவரே சுந்தரியாக வந்தார் என்று அத்தை சொல்கிறார். மகரக்கட்டு வந்த ஆண்டிலும் அவரை மாற்றவில்லை. அவருக்காகப் பெட்டியின் சுருதியை இறக்கியிருக்கிறார்கள்.

வாத்தியார் அந்த விடைபெறும் பகுதி முழுவதையும், இரண்டு கட்டை குறைத்தே, முகாரியில் பாடிக் கொடுத்தார். கைப்பேசியில் பதிவு செய்திருக்கிறேன். பக்கங்களின் படங்களையும் அந்தப் பதிவையும் இந்த வார இறுதிக்குள் இங்கே ஏற்றிவிடுகிறேன். பொருள் விளங்காத மெட்டு முதலடிகள் நான்கு இருக்கின்றன; தேன்கனிக்கோட்டை நண்பரின் தாயாருக்காக அவற்றைத் தனியே எழுதி அனுப்புகிறேன்.